ஓரம் வரைக்கும் வெண்ணெய்

தெருவில் அவருக்கு 'ரெண்டு கோட்டு' என்று பெயர். வீடுகளுக்கு பெயிண்ட் அடிப்பவர். ஒரு கோட்டிலேயே கண்ணுக்கு நன்றாகத்தானே இருக்கிறது, இத்தோடு விட்டுவிடுங்களேன் என்று வீட்டுக்காரர் கெஞ்சினாலும் கேட்கமாட்டார். "இன்னிக்கு நல்லாத்தான் இருக்கும். நாலு வெயில் பட்டா பல்லிளிச்சிரும். ரெண்டாவது கோட்டு அடிச்சாதான் எனக்குத் தூக்கம் வரும்" என்பார். டப்பாவில் எவ்வளவு தண்ணீர் சேர்க்கச் சொல்லி அச்சடித்திருக்கிறதோ, அதற்கு மேல் ஒரு சொட்டு விடமாட்டார். தண்ணீரைத் தாராளமாக ஊற்றிவிட்டு, மிச்சம் பிடித்த டப்பாவைப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோகிற ஆட்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது.

இப்படிப்பட்ட மனுஷன் சொந்த வீட்டில், சொந்த மனைவிக்கு, வெண்ணெயில் பாலைக் கலந்து கொடுத்தார் என்றால் யார் நம்புவார்கள்? கொடுத்தாரே. ஒரு மழைக்காலம் பூராவும் கொடுத்தார்.

மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறவர். விடியும் முன்பே முதல் வண்டியை எடுக்கப் போய்விடுவார். அதனால் அடுப்படி பெயிண்டரின் ராஜ்ஜியம். முதல் நடை முடிந்து அந்த அம்மாள் வீட்டுக்கு வரும்போது தோள் கனத்துப்போயிருக்கும், காதில் ஹார்ன் சத்தம் மிச்சமிருக்கும். சீருடைச் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சூடாக வாட்டிய பிரெட்டில் வெண்ணெய் தடவுவார். அவசரப்படமாட்டார். நடுவில் ஆரம்பித்து, நாலு பக்கமும் தள்ளி, கடைசி விளிம்பு வரைக்கும் கொண்டுபோவார். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த அம்மாள் பிறந்த வீட்டில் பிள்ளைகள் ஏகப்பட்ட பேர். பிரெட்டின் நடுவில் வெண்ணெயைப் பொட்டு மாதிரி வைப்பார்கள். இவர் கடைசிக்கு முந்தி. இவர் முறை வரும்போது கத்தியில் ஒட்டியிருப்பதுதான் பாக்கி. ஓரமெல்லாம் காய்ந்து, தொண்டையில் இறங்காமல் நிற்கும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு டீக்கடையில் இருவரும் சந்தித்துப் பேசியபோது, பெயிண்டர் பயந்து பயந்துதான் கேட்டார், உனக்கு என்னென்ன வேணும் என்று. நகை, வீடு, வண்டி என்று ஏதாவது வரப்போகிறது என நெஞ்சைத் தயார்படுத்தி வைத்திருந்தார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். நம்ம வீட்ல பிரெட்டுக்கு ஓரம் வரைக்கும் வெண்ணெய் இருக்கணும். அதுல மட்டும் கணக்குப் பாக்கக் கூடாது."

"இவ்வளவுதானா?"

"லேசா சொல்லாதீங்க. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார். சிரித்துக்கொண்டேதான் பண்ணினார். ஆனால் இந்த மனிதர் சத்தியம் பண்ணினால் அது ரெண்டு கோட்டு அடித்த சுவர் மாதிரி. வருஷக்கணக்காக அந்த வீட்டில் வெண்ணெய் வைக்கிற, மூடி போட்ட பீங்கான் டப்பா ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை.

அப்புறம் அந்த மழை வந்தது. பெயிண்டருக்கு மழை என்றால் கை கட்டிப்போட்ட மாதிரி. சுவர் ஈரம் குடித்து உட்கார்ந்திருக்கும்போது எதை அடிப்பது, எங்கே காய்வது? வந்த வேலையெல்லாம் தள்ளிப்போனது. போதாக்குறைக்கு, அந்த அம்மாளின் தம்பி வேறு பஸ் டிப்போ பட்டறையில் வேலை கிடைத்து இவர்களோடு வந்து தங்கினான். நல்ல பையன், வஞ்சகமில்லாமல் பழகுவான், வஞ்சகமில்லாமல் சாப்பிடவும் செய்வான். அவன் தட்டில் பிரெட் ஏறுவதைப் பார்த்தால் லாரியில் செங்கல் ஏற்றுவதுபோல் இருக்கும். இதெல்லாம் போதாதென்று வெண்ணெய் விலை ஏறிக்கொண்டே போனது.

பெயிண்டர் முதலில் தன் வாயைத்தான் கட்டினார். "எனக்கு என்னமோ வெண்ணெய் சாப்பிட்டா நெஞ்சு எரியுது" என்று ஒருநாள் சொல்லிவிட்டு, வெறும் பிரெட்டை டீயில் நனைத்துத் தின்ன ஆரம்பித்தார். மனைவி நம்பிவிட்டார். இஞ்சி சாறு குடியுங்கள் என்று நாலு நாள் விடாமல் குடிக்கவும் வைத்தார். நெஞ்செரிச்சல் இல்லாத மனிதருக்கு அதற்குப் பிறகுதான் நெஞ்சு எரிந்தது.

ஆனாலும் டப்பா காலியாகிற வேகம் குறையவில்லை. அப்போதுதான் ஒரு வீட்டில் உள்ளறைச் சுவரில் பட்டி பூசிச் சமப்படுத்தப் போனவர், அந்த வீட்டு அம்மாள் அடுப்படியில் ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு அடி அடி என்று அடிப்பதைப் பார்த்தார். கிண்ணத்தில் இளகின வெண்ணெய். பக்கத்தில் வெதுவெதுப்பான பால். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதும் அடிப்பதுமாக இருந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"வெண்ணெயைப் பெருக்குறேன். பிள்ளைங்க திங்கிற தீனிக்கு வேற வழி? பால் சூடு கையில ஊத்தினா சுடக் கூடாது, குளிரவும் கூடாது. அவ்வளவுதான் ரகசியம்."

பெயிண்டருக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. பட்டியை எடுத்த கரண்டி அப்படியே அந்தரத்தில் நின்றது.

மறுநாள் மனைவியும் மச்சானும் வேலைக்குப் போனதும் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். சொந்த வீட்டில் திருடன் மாதிரி ஜன்னலையும் சாத்தினார். வெண்ணெயை எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, அவசரத்தில் ஃப்ரிட்ஜில் இருந்த பாலை அப்படியே ஊற்றிவிட்டார். அவ்வளவுதான், வெண்ணெய் கோபித்துக்கொண்டு குருணை குருணையாகத் திரண்டுவிட்டது. பால் தனியே, வெண்ணெய் தனியே, பெயிண்டர் உயிர் தனியே. தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு தொழில் புத்தி வேலை செய்தது. குளிரில் கட்டிதட்டிப்போன பெயிண்டை என்ன செய்வோம்? வெந்நீர் வாளியில் டப்பாவை வைத்து, அடியிலிருந்து கலக்குவோம். அதையே செய்தார். வெந்நீர்ச் சட்டியின் மேல் கிண்ணத்தை வைத்து, முட்டை அடிக்கிற கம்பிக் கரண்டியால் தோள்பட்டை இற்றுப்போகிற வரைக்கும் அடித்தார். குருணை மெல்ல மெல்ல மசிந்தது. பாலைக் குடித்து வெண்ணெய் பொங்கி, பஞ்சு மாதிரி ஏறிக் கிண்ணத்தை நிறைத்தது. ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். மோசமில்லை. சொல்லப்போனால் நன்றாகவே இருந்தது.

ஒரே ஒரு குறை. நிறம் ஒரு ஷேடு இறங்கியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்கமாட்டார்கள். இவரால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? அடுத்த தடவையிலிருந்து பாலில் ஒரு கேரட் துண்டைத் துருவிப்போட்டுக் காய்ச்சி வடிகட்டினார். வெண்ணெய் சுற்றிவந்த காகிதத்தில் ஒட்டியிருந்த அசல் வெண்ணெயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஷேடு கார்டை ஒத்துப்பார்ப்பதுபோல ஒத்துப்பார்த்தார். அச்சு அசல்.

இப்படிக் கலந்ததைப் பீங்கான் டப்பாவில் அடைத்து, மேலே கத்தியால் பட்டி பார்த்தது மாதிரி வழவழவென்று இழுத்துவிட்டார். மனைவி வந்தார், பித்தானைக் கழற்றினார், உட்கார்ந்தார், கத்தியை வெண்ணெயில் வைத்தார்.  பெயிண்டர் அடுப்பைத் துடைக்கிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"என்னங்க!"

"என்ன?"

"இது என்ன வெண்ணெய்? கத்தி பட்டதும் தானா ஓடுதே! பிரெட்டு கொஞ்சம்கூடக் கிழியல. எந்தக் கடையில வாங்கினீங்க?"

"நம்ம கடைதான். வழக்கமா வாங்குற கடை" என்றார் பெயிண்டர். அது பொய் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் உண்மையும் இல்லை என்று அவருக்கே தெரியும்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது வினை. நல்ல பொருள் கிடைத்தால் நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க அந்த அம்மாளால் முடியாது. டிப்போவில் டிரைவர்கள், கண்டக்டர்கள் எல்லாரிடமும் நம்ம தெரு மளிகைக்கடையில் வெண்ணெய் வாங்கிப் பாருங்கள் என்று சொல்லிவைத்தார். அவர்களும் வாங்கிப் பார்த்தார்கள். "சாதாரண வெண்ணெய் மாதிரிதானே இருக்கு?" என்று ஒருவர் சொன்னதற்கு, "உங்க நாக்கை சர்வீசுக்கு விடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். கடைக்காரருக்கு வியாபாரம் சூடு பிடித்தது. பெயிண்டரைக் கண்டால் அவருக்கு வாயெல்லாம் பல். "உங்க வீட்டம்மா வாய் முகூர்த்தம், ரெண்டு பொட்டலம் வித்த இடத்துல பத்து விக்குது" என்று சொல்லி, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கையில் பிஸ்கட்டைத் திணிப்பார். அந்த பிஸ்கட் பெயிண்டருக்கு வேப்பங்காயாகக் கசந்தது. அதை மச்சான் தின்றுவிடுவான்.

ஒருநாள் அந்த அம்மாளே முட்டை பொரிக்கலாம் என்று சட்டியில் இந்த வெண்ணெயைப் போட்டார். பாலின் ஈரம் சும்மா இருக்குமா? படபடவென்று வெடித்துத் தெறித்தது.

"என்னங்க இது, இந்தப் பாடு படுத்துது?"

"சட்டி ஈரமா இருந்திருக்கும்."

"தொடச்சிட்டுத்தானே வெச்சேன்?"

"பழைய சட்டிம்மா. அதுக்கு உள்ளுக்குள்ள ஈரம் இருக்கும்" என்று பூசி மெழுகினார். சுவரைப் பற்றித் தெரிந்த ஒரு விஷயத்தைச் சட்டியின் தலையில் கட்டிவிட்டு, பதில் வருவதற்குள் குப்பையைக் கொட்டப் போய்விட்டார். மச்சான் மட்டும் சட்டியையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு முட்டை வந்துவிட்டது, அவன் கவனம் அதில் போய்விட்டது.

அவருக்கு உண்மையிலேயே மனசு உறுத்தியது. வெளியே ஒரு சொட்டுத் தண்ணீருக்கு நியாயம் பேசுகிறவன், வீட்டில் ஒருத்தி ஆசையாகக் கேட்ட ஒரே பொருளில் கை வைத்துவிட்டேனே என்று புழுங்கினார். சொல்லிவிடலாமா என்று பலதடவை வாயைத் திறந்தார். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு முதல் கடி கடிக்கிறதைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது.

மழை விட்டது. சுவர்கள் காய்ந்தன. தள்ளிப்போன வேலைகளெல்லாம் ஒன்றுசேர்ந்து வந்தன. கையில் காசு புழங்க ஆரம்பித்த முதல் நாளே பெயிண்டர் செய்த காரியம், கடைக்குப் போய் வெண்ணெய் வாங்கிவந்து, ஒரு சொட்டுப் பாலும் கலக்காமல் அப்படியே டப்பாவில் வைத்ததுதான். அப்பாடா என்று இருந்தது. சொல்லவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம், நடந்தது நடந்ததாக இருக்கட்டும், இனிமேல் கலப்படம் கிடையாது. அன்று மனைவி வந்து உட்கார்ந்தபோது இவர் முதுகைக் காட்டவில்லை. எதிரிலேயே உட்கார்ந்து, தங்கப்பதக்கம் வாங்கப்போகிற மாதிரி காத்திருந்தார்.

கத்தி வெண்ணெயில் இறங்கவில்லை. அழுத்தினார். ஒரு கட்டி பெயர்ந்து வந்தது. பிரெட்டில் வைத்து இழுத்தார். பிரெட் நடுவில் கிழிந்து, கட்டி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. கடித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இது அந்த வெண்ணெய் இல்ல."

"அதே கடைதாம்மா..."

"கடை அதேதான். ஆளு மாறிட்டாரு. வியாபாரம் ஏறினதும் புத்தியக் காட்டிட்டாரு பாத்தீங்களா? இதுல என்னத்தையோ கலந்திருக்காரு. எத்தனை பேருக்கு நான் சொல்லி அனுப்பினேன்! என் மூஞ்சியில கரியப் பூசிட்டாரே!"

பெயிண்டர் திருதிருவென்று விழித்தார். மழைக்குப் பிறகு முதல்முறையாக அந்த டப்பாவில் கலப்படமே இல்லை என்று நிம்மதியாக இருந்த நாளில் இப்படி ஆகும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. "விடும்மா, ஒருநாள் அப்படி இருக்கும்" என்று சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாள் மேல் பித்தானைத் திரும்பப் போட்டார். அது நல்ல அறிகுறி அல்ல. டப்பாவைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார். பின்னாலேயே பெயிண்டர் ஓட, அன்று விடுப்பில் இருந்த மச்சான் கையில் பாதி பிரெட்டோடு அவர் பின்னால் ஓடினான்.

கடையில் கூட்டம். அந்த அம்மாள் டப்பாவைத் தராசுக்குப் பக்கத்தில் ணங்கென்று வைத்தார்.

"என்னண்ணே, எப்போலருந்து இந்த வேலை?"

கடைக்காரர் சிரித்தபடியே நிமிர்ந்தார். "எந்த வேலைம்மா?"

"வெண்ணெயில கலப்படம் பண்ற வேலை. நேத்து வரைக்கும் பூ மாதிரி இருந்துச்சு. இன்னிக்குக் கல்லு மாதிரி இருக்கு."

சிரிப்பு அப்படியே உறைந்துபோனது. "அம்மா, கம்பெனியில இருந்து வர்ற பொட்டலம். நான் பிரிக்கிறதுகூட இல்ல. என் கடையில கலப்படமா? இத்தனை வருஷத்துல ஒருத்தர் கேட்டதில்லையேம்மா..."  பொட்டலத்தை எடுத்துக் காட்டினார்.  நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பெண் தன் கூடையிலிருந்து வெண்ணெய்ப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அதைப் பார்த்ததும் பெயிண்டரால் தாங்க முடியவில்லை. தான் தப்பிக்க இன்னொருத்தர் பேரா கெடுவது? மென்று முழுங்கியதெல்லாம் போதும் என்று தோன்றியது.

"அவரு கலக்கல. நான்தான் கலந்தேன்."

கடை முழுக்கத் திரும்பியது.

"என்ன சொல்றீங்க?" என்றார் மனைவி.

"இன்னிக்கு இருக்கிறதுதான் அசல் வெண்ணெய். மழை முழுக்க நீ சாப்பிட்டதுல பாதி பால். நான்தான் அடிச்சுக் கலந்தேன். அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல." ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். பிறகு, விடுபட்டுப்போகக் கூடாதே என்று, "நிறத்துக்குக் கொஞ்சம் கேரட்டும்" என்று சேர்த்துக்கொண்டார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது மச்சான். "அதான் மாமா, அன்னிக்கு சட்டி அப்படி வெடிச்சுதா!"

கடைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த அம்மாள் யாரையும் பார்க்கவில்லை. கடைக்காரரிடம் மட்டும், "மன்னிச்சிருங்கண்ணே. தெரியாம வாய விட்டுட்டேன்" என்றார். டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தார். வீடு வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. பெயிண்டர், தன்னைத் திட்டச்சொல்லிக் கெஞ்சுகிற நிலைமையில் இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

"செஞ்சு காட்டுங்க."

"என்னத்த?"

"நீங்க பண்ணினத."

பெயிண்டர் பாலை வெதுவெதுப்பாக்கினார். கேரட் துருவினார். அடித்தார். கேட்காமலே ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தார். பயத்தில் வாய் ஓயவில்லை. வெண்ணெய் பொங்கி வந்ததும் அந்த அம்மாள் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அதே வெண்ணெய். உதட்டோரம் லேசாக அசைந்தது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"சரி. நெஞ்செரிச்சல்னு சொன்னீங்களே, அது?"

பெயிண்டர் கரண்டியைக் கழுவப் போனார்.

"இங்க பாருங்க. அதுவும் பொய்யா?"

"இருக்கிறது உங்க ரெண்டு பேருக்கும் வரட்டுமேன்னு..."

"அப்போ மழை முழுக்க நீங்க காஞ்ச பிரெட்டு தின்னீங்களா? என் கண்ணு முன்னாடி? நான் இஞ்சி சாறு வேற புழிஞ்சு குடுத்தேனே!" இப்போதுதான் உண்மையில் கோபம் வந்தது. கண்ணும் கலங்கிவிட்டது. "பால் கலந்ததுக்குக்கூட நான் உங்கள விட்ருவேன். இதுக்கு விடமாட்டேன்."

"நான் சத்தியம் பண்ணியிருந்தேனேம்மா. அத மீறிட்டோமேன்னுதான் சொல்ல வாய் வரல."

"என்ன சத்தியம் பண்ணினீங்க? திருப்பிச் சொல்லுங்க."

"ஓரம் வரைக்கும் வெண்ணெய் இருக்கணும்னு."

"என்னிக்காவது என் பிரெட்டுல ஓரம் காஞ்சு இருந்துச்சா?"

அவர் யோசித்தார். "இல்ல."

"அப்புறம் எத மீறினீங்க? உங்க பிரெட்டும் நம்ம வீட்டு பிரெட்டுதானே. அதுல மீறினீங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "முதல்ல அந்த அண்ணன் கடை ஷட்டருக்குப் போய் பெயிண்ட் அடிச்சுக் குடுத்துட்டு வாங்க. காசு வாங்கக் கூடாது. டிப்போவுல எல்லார்கிட்டயும் நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்லப்போறேன்னு தெரியல."

"ரெண்டு கோட்டா?" என்றான் மச்சான்.

"மூணு" என்றார் அக்கா. "நீ சும்மா பேசாத. இனிமே இந்த வெண்ணெய் அடிக்கிறது உன் வேலை. திங்கிற கைதான் அடிக்கணும். போய் கரண்டிய எடு."

பிறகு தானே எழுந்து ஒரு பிரெட்டை வாட்டினார். புதிதாக அடித்த வெண்ணெயை எடுத்து நடுவில் வைத்து, அவசரப்படாமல் நாலு பக்கமும் தள்ளிக்கொண்டே போனார். மூலையில் விரல்நகம் அளவு விட்டுப்போயிருந்தது. கத்தியைத் திருப்பி அதையும் மூடினார்.   தட்டைத் தள்ளி பெயிண்டர் முன்னால் வைத்தார்.

"சாப்பிடுங்க. நான் பாக்கணும்."

பெயிண்டர் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். வெண்ணெய் தடவிய பிரெட்டைக் கடைசியாகச் சாப்பிட்டது மழைக்கு முன்னால். அவர் ஓரத்திலிருந்துதான் கடித்தார்.